வளைவுக்குக் காவல் பூசை: ஆலய நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலைக்குப் பிரியும் வளைவில் காவல் பூசை நடத்துவதற்காக வீட்டுக்கு 50 ரிங்கிட் வசூலிக்கப்படும் என்ற அறிவிப்பைக் கோயில் பலகையில் பார்த்தேன். என் பங்கைப் பொருளாளரிடம் கொடுத்து ரசீதும் வாங்கிவிட்டேன். ஆகவே, கையை விட்டுக் காசு போகிறதே என்று கிழவன் புலம்புகிறான் என எவரும் சொல்ல வேண்டாம். பூசையை நிறுத்துங்கள் என்று கேட்கவும் நான் இதை எழுதவில்லை. அந்த வளைவில் நடந்த இரண்டு விபத்துகளில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளுக்கு ஒரு பூசை தேவைப்படுகிறது. அது எனக்குத் தெரியும். அந்தப் பூசையைச் சுற்றி நடக்கும் மற்ற காரியங்கள்தான் என்னை எழுத வைத்தன. கூட்டத்தில் எழுந்து பேசியிருக்கலாமே என்று தலைவர் கேட்பார். கூட்டத்தில் சத்தம் போடுபவர் பக்கம்தான் ஒலிபெருக்கி இருக்கிறது, அதனால் மடல்.

முதலில், யாரும் வாய்விட்டுப் பேசாத காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது விபத்துக்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை, கோயிலில் சாமி பார்த்தபோது அருள் வந்து சொல்லப்பட்ட வாக்கு என்ன? “வளைவில் புதைத்து வைத்திருக்கிறார்கள். தாலி இழந்த ஒருத்தியின் கை அதில் இருக்கிறது.” பெயர் சொல்லவில்லை, உண்மைதான். ஆனால் மறுநாள் விடிவதற்குள் தாமான் (குடியிருப்பு) முழுவதும் ஒரு பெயர் சுற்றி வந்துவிட்டது. சாமி சொல்லாத பெயரை எந்த வாய் சொன்னது? வளைவுக்கு அருகில் தனியாக வசிக்கிறார், கணவர் இல்லை, யாரோடும் அதிகம் பேச மாட்டார், பின்கட்டில் எதையோ நட்டு வைத்திருக்கிறார். அவர் நட்டிருப்பது வெற்றிலைக் கொடி. இவ்வளவுதான் சாட்சியம். பால்வெட்டுக் காலத்திலிருந்து இந்த மண்ணில் உழைத்த அந்த அம்மா இப்போது கோயில் பக்கம் வருவதில்லை. அவருடைய காலைத் தோசைக் கடையில் வாங்குவாரில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சாலையின் மறுபக்கமாக நடந்து போகிறார்கள்.

அந்தக் கடைத் தோசையில் தீங்கு ஒன்றுமில்லை என்பது உங்களுக்கும் தெரியும். தெரிந்தும் கை போகவில்லை. இதை மனிதர்களிடம் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பால் ரோசின் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1986-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரே சர்க்கரையை இரண்டு பாட்டில்களில் கொட்டினார்கள். ஒன்றில் ‘சர்க்கரை’ என்றும் மற்றொன்றில் ‘சயனைடு’ என்றும் சீட்டு ஒட்ட வேண்டும். சீட்டை ஒட்டியவர்கள் சோதனைக்கு வந்தவர்களேதாம். இரண்டிலும் இருப்பது சர்க்கரைதான் என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள். ஆனாலும் விஷப் பெயர் தாங்கிய பாட்டிலிலிருந்து சர்க்கரை எடுத்துக் கரைத்துக் குடிக்கப் பலர் தயங்கினார்கள். படித்தவர்கள், பல்கலைக்கழகத்துக்காரர்கள். பெயர் ஒட்டிக்கொண்டால் பொருளே மாறிவிடுகிறது என்று மனம் நம்புகிறது. அப்படியில்லை என்று அறிவு சொன்னாலும் மனம் கேட்பதில்லை. நம் ஊரில் சீட்டு ஒரு மனுஷி மேல் ஒட்டப்பட்டிருக்கிறது. ஒட்டிய இடம் கோயில். பாட்டிலைக் கழுவி வைத்துவிடலாம். அந்த அம்மாவுக்கு என்ன வழி?

இப்படி நினைப்பது நம்மவர்களின் குறை என்று எண்ணிவிடாதீர்கள். சிலர் அப்படிப் பேசித் தங்களை மேலானவர்களாகக் காட்டிக்கொள்கிறார்கள். கோலாலம்பூரில் மின்தூக்கி ஏறிப் பாருங்கள்: பல கட்டடங்களில் நாலாம் மாடி கிடையாது, ‘மூன்று ஏ’ என்று இருக்கும். கார் எண் பலகைக்கு ஏலத்தில் வீட்டு விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். 2014 மார்ச்சில் எம்.எச்.370 விமானம் காணாமல் போனபோது நாட்டின் பெரிய விமான நிலையத்திலேயே ஒரு போமோ (மலாய் மந்திரவாதி) தேங்காயும் மூங்கில் தொலைநோக்கியும் வைத்துச் சடங்கு செய்ததை உலகமே பார்த்தது. 2015 ஜூனில் சபாவில் நிலநடுக்கம் வந்து கினபாலு மலையில் 18 பேர் இறந்தார்கள். சில நாள் முன்பு அந்த மலையில் ஆடையில்லாமல் நின்று படம் எடுத்துக்கொண்ட வெளிநாட்டுப் பயணிகள்தாம் காரணம் என்று அரசியல் பொறுப்பில் இருந்தவர்களே பேசினார்கள். ஒரு சாவு நடந்துவிட்டால் அதற்கு முன் நடந்த ஏதாவதொன்றைக் கொண்டுவந்து முடிச்சுப் போடாமல் மனித மனத்துக்கு உறக்கம் வராது.

ஏன் வராது என்பதற்கு எனக்குப் பிடித்த விளக்கம் ஒன்று உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன், முதல் உலகப் போர்க் காலத்தில், மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் நியூ கினிக்கு அருகில் உள்ள டிரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி அங்குள்ள மீனவர்களைக் கவனித்தார். கரையை ஒட்டிய காயலில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் மந்திரம் ஏதும் சொல்வதில்லை. தண்ணீர் அமைதி, ஆபத்து இல்லை, மீன் கிடைப்பது உறுதி. அதே மனிதர்கள் ஆழ்கடலுக்குப் போகும்போது படகு, வலை, துடுப்பு எல்லாவற்றுக்கும் சடங்கு செய்தார்கள். தன் கையை மீறிய இடத்தில்தான் மனிதன் மந்திரத்தைத் தேடுகிறான்.

இந்தக் கணக்கை நம் தோட்டங்களுக்குப் போட்டுப் பாருங்கள். நம் பாட்டன்மார் கப்பலேறி வந்து காடழித்த காலத்தில் இந்தச் சிலாங்கூர்க் கரையோரம் முழுவதும் காய்ச்சல் பூமி. கிள்ளான் மாவட்ட மருத்துவராக 1901-இல் வந்த மால்கம் வாட்சன் பார்த்ததெல்லாம் மலேரியாவில் விழுந்த உடல்கள்தாம். அவருக்கு வாய்த்த நல்ல காலம், கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ரோஸ் 1897-இல் செகந்தராபாத்தில் கண்டுபிடித்திருந்தார். வாட்சன் சதுப்பு நிலத்தை வடித்தார், வாய்க்கால் வெட்ட வைத்தார், ஊரை ஒட்டிய காட்டை வெட்ட வைத்தார். கிள்ளானிலும் புதிதாகத் திறந்த துறைமுகத்திலும் காய்ச்சல் அடங்கியது. ஆனால் அந்த வாய்க்கால் எல்லா லயத்துக்கும் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைக்கும்) உடனே வந்துவிடவில்லை. வராத லயத்தில் இருந்தவன் என்ன செய்வான்? கொயினா மருந்து துரை வீட்டு அலமாரியில். தன் பிள்ளை பாயில் நடுங்குகிறது. அவன் மாரியம்மனுக்கு ஒரு கல் நட்டான், முனியாண்டிக்கு ஒரு சூலம் நட்டான். அவனைப் பார்த்து மூடன் என்று சொல்லும் நாக்கு எனக்கு இல்லை. ஆழ்கடலில் நின்றவன் அவன்.

அந்த அம்மனைப் பற்றியே இன்னொன்று. பெரியம்மை உலகத்திலிருந்து ஒழிந்துவிட்டதாக உலகச் சுகாதார அமைப்பு 1980 மே மாதம் அறிவித்தது. ஊசி போட்டு ஒழித்தார்கள். அம்மை ஒழிந்தது, அம்மன் ஒழியவில்லை. ஆடித் திருவிழாவுக்குக் கூட்டம் குறையவும் இல்லை. ஊசி வந்தால் சாமி போய்விடும் என்று பயந்தவர்களும், சாமி இருந்தால் ஊசி வராது என்று பேசியவர்களும் ஒருசேரத் தோற்றார்கள். ஆகவே, வளைவில் விளக்குக் கம்பம் வந்தால் முனியாண்டிக்கு மரியாதை குறைந்துவிடும் என்று உறுப்பினர் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, வேலை பார்த்தவன் நான். கையில் மந்திரித்த கயிறும் சட்டைப் பையில் மாத்திரையுமாக வந்தவர்கள் எத்தனையோ பேர். ஒருவர் கயிற்றையும் நான் அறுத்ததில்லை. அறுத்தால் மாத்திரையையும் சேர்த்து எறிந்துவிடுவார்கள் என்பது ஒரு காரணம். கயிறு அவர்களுக்கு ஏதோ ஒரு தெம்பைக் கொடுத்தது என்பது மற்றொரு காரணம். கயிற்றோடு மட்டும் வந்தவர்களிடம்தான் எனக்குச் சண்டை. பாம்புக் கடிக்கு மந்திரிப்பவர்களுக்கு ஏன் அவ்வளவு பெயர் என்று தெரியுமா? கடிக்கும் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை. விஷப் பாம்பும் சில நேரம் விஷம் இறக்காமல் பல்லை மட்டும் பதித்துவிட்டுப் போய்விடும். இந்த இரண்டு வகையிலும் கடிபட்டவன் வேப்பிலை அடித்தாலும் பிழைப்பான், அடிக்காவிட்டாலும் பிழைப்பான். பிழைத்தவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். உண்மையிலேயே நாகத்தின் விஷம் ஏறியவன் திரும்பி வந்து ‘மந்திரம் பலிக்கவில்லை’ என்று சாட்சி சொல்வதில்லை. மந்திரக்காரரின் கணக்குப் புத்தகத்தில் வரவு மட்டுமே இருக்கும்.

வளைவுக்கு வருகிறேன். எவன்ஸ்-பிரிச்சர்ட் என்ற மற்றொரு மானிடவியலாளர் 1920களின் பிற்பகுதியில் சூடானின் தெற்கே அசாண்டே மக்களோடு வாழ்ந்தார். அங்கே தானியக் களஞ்சியங்களைக் கால்கள் நட்டு உயரத்தில் கட்டுவார்கள். வெயிலுக்கு ஒதுங்கி மனிதர்கள் அதன் நிழலில் உட்காருவார்கள். சில நேரம் களஞ்சியம் சரிந்து ஆள் மேல் விழுந்துவிடும். கரையான் அரித்துத்தான் கால் முறிந்தது என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அவர்கள் கேட்டது வேறு கேள்வி: இந்த ஆள் உட்கார்ந்திருந்த இந்த நேரத்தில் பார்த்து அது ஏன் விழ வேண்டும்? அதற்குச் சூனியம் என்று பதில் சொல்லிக்கொண்டார்கள்.

பிள்ளையை இழந்த தாய் கேட்பதும் இதைத்தான். அன்று நூறு மோட்டார் சைக்கிள்கள் அந்த வளைவைக் கடந்தன. என் மகன் மட்டும் ஏன்? எந்தப் பொறியாளரும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. போலீஸ் அறிக்கையிலும் பதில் இருக்காது. அந்தத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார கோயிலால் முடியும். பூசை செய்யலாம், அன்னதானம் போடலாம், ஆண்டுதோறும் அந்தப் பிள்ளையின் பெயரில் விளக்கேற்றலாம். அது கோயிலின் வேலை. அதற்கு நான் மறுப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் ‘ஏன் இவன்’ என்ற கேள்விக்குச் சொன்ன பதிலை வைத்துக்கொண்டு, ‘எப்படி விழுந்தது’ என்ற கேள்வியை மூடிவிடக் கூடாது. அசாண்டே மக்கள்கூட கரையான் இல்லை என்று சாதிக்கவில்லை.

நம் கரையான் எது என்று சொல்கிறேன். நீங்களும் மாலையில் போய் நின்று பார்க்கலாம். இருட்டும் நேரத்தில் பழ லாரிகள் வரிசையாக ஆலைக்குத் திரும்புகின்றன. வலை சரியாகக் கட்டாத லாரியிலிருந்து குலை விழும். நன்றாக விளைந்த ஒரு குலை 20 கிலோவுக்கு மேலும் இருக்கும். அதைவிட மோசம் உதிரிப்பழம். பின்னால் வரும் சக்கரங்கள் அதை நசுக்கி எண்ணெயைத் தார் மேல் பூசிவிட்டுப் போகின்றன. வெயில் காலத்தில் அது தூசியோடு தூசியாகக் கிடக்கும். முதல் தூறல் விழுந்ததும் சக்கரத்துக்குப் பிடிமானம் போய்விடும். வளைவின் உட்பக்கத்தில் தோட்டத்துச் செம்பனை மட்டைகள் சாலை வரை தாழ்ந்து எதிரே வருவதை மறைக்கின்றன. விளக்கு இல்லை. இரண்டு விபத்தும் மழை தூறிய மாலையில் நடந்தவை. இரண்டும் மோட்டார் சைக்கிள். இந்த நாட்டில் 2019-ஆம் ஆண்டு மட்டும் சாலையில் இறந்தவர்கள் 6,167 பேர். ஆண்டுதோறும் சாலையில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். அவ்வளவு இடங்களிலும் யாரோ போய்ப் புதைத்து வைத்திருக்க வேண்டுமென்றால் சூனியக்காரர்களுக்கு உறங்க நேரமே இருக்காது.

அதிகாரிகளும் தங்கள் பங்குக்கு ஒரு தாயத்துக் கட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். முதல் விபத்துக்குப் பிறகு ‘விபத்துப் பகுதி, கவனம்’ என்று மலாய் மொழியில் ஒரு பலகை நட்டார்களே, அதைச் சொல்கிறேன். எண்ணெய் அப்படியே கிடக்கிறது, மட்டை அப்படியே தொங்குகிறது, இருட்டு அப்படியே இருக்கிறது. பலகை பார்த்துக்கொள்ளும் என்று போய்விட்டார்கள். சாலை யாருடையது என்று கேட்டால் ஒருவர் பொதுப்பணித் துறையைக் காட்டுகிறார், ஒருவர் தோட்ட நிர்வாகத்தைக் காட்டுகிறார், விளக்கு என்றால் மாவட்ட மன்றம் என்கிறார்கள். நாம் பூசணிக்காய் உடைத்து நிம்மதியாக வீட்டுக்குப் போனால் இந்த மூன்று இடத்திலும் அன்று இரவு நன்றாக உறக்கம் வரும். சூனியம் வைத்தவள் இருக்கும்வரை விளக்கு வைக்காதவனை யார் கேட்பார்கள்?

பூசணிக்காய் என்றதும் நினைவுக்கு வருகிறது. சேவலா பூசணிக்காயா என்று குழுவில் பெரிய விவாதம் நடந்ததாம். எதுவாகவும் இருக்கட்டும், ஆனால் பூசணிக்காயைத் தயவுசெய்து தார்ச்சாலை மேல் உடைக்காதீர்கள். அந்தச் சதையில் சறுக்கி விழவும் ஒரு மோட்டார் சைக்கிள் வரும். புல்வெளியில் உடைத்து, உடனே அள்ளிவிட ஆள் நிறுத்துங்கள்.

நாலு நம்பர் லாட்டரி விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன்; முடியவில்லை. இரண்டாவது பையனின் உடல் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வருவதற்குள், அவன் மோட்டார் சைக்கிளின் எண்ணை எடுத்துக்கொண்டு நம்பர் கடைக்கு ஓடியவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். துக்க வீட்டுக் கூடாரத்தில் உட்கார்ந்துகொண்டே ‘பிக் போட்டாயா, ஸ்மால் போட்டாயா’ என்று பந்தய வகையைப் பற்றிப் பேசியதைக் காதால் கேட்டேன். விபத்தில் சிந்திய ரத்தம் எண்ணில் ஒட்டிக்கொண்டு அதிர்ஷ்டமாக மாறும் என்பது என்ன நம்பிக்கை? அதற்கு மேல், வெள்ளிக்கிழமை சாமி பார்க்கும் வரிசையில் பாதிப் பேர் நம்பர் கேட்கவே நிற்கிறார்கள். குழுவுக்கு அது தெரியும்.

கணக்கு எளிது. நாலு இலக்கத்தில் மொத்தம் 10,000 எண்கள். ஒவ்வொன்றுக்கும் 1 ரிங்கிட் வீதம் எல்லா எண்ணையும் ‘பிக்’கில் வாங்கினால் 10,000 ரிங்கிட். முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, பத்துச் சிறப்புப் பரிசு தலா 180, பத்து ஆறுதல் பரிசு தலா 60. கூட்டினால் 6,400. அத்தனை எண்ணையும் கையில் வைத்திருப்பவனுக்கே 3,600 நட்டம்! ஆனாலும் ஒருமுறை அடித்துவிட்டால் போதும். அன்று போட்ட சட்டை, அன்று கும்பிட்ட மரம், அன்று எதிரே வந்த பூனை எல்லாவற்றுக்கும் மவுசு வந்துவிடும். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1948-இல் பசித்த புறாக்களைக் கூண்டில் விட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் தீனி விழும்படி செய்தார். தீனி விழுந்த நேரத்தில் ஒரு புறா தற்செயலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு அது சுற்றிக்கொண்டே இருந்தது. இன்னொன்று கூண்டின் மூலையில் தலையை முட்டிக்கொண்டே இருந்தது. சுற்றியதால்தான் தீனி வந்தது என்பது அந்தப் பறவையின் முடிவு. இதில் புறாவுக்கு ஒரு வசதி: அதன் தீனி எப்படியும் வந்துவிடும். நம் ஆட்களுக்குச் சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும்.

எஸ்.பி.எம். (பள்ளி இறுதித் தேர்வு) மாணவர்களுக்குச் செய்யும் பேனா பூசையைப் பற்றி எனக்கு மறுப்பே இல்லை. பயந்த பிள்ளைக்குப் பேனா பாரமாகத்தான் இருக்கும். அம்மன் காலடியில் வைத்து எடுத்தால் லேசாகும். அந்தப் பிள்ளைகள் பூசைக்குப் பிறகு வீட்டுக்குப் போய்ப் படிக்கிறார்கள் அல்லவா? பூசை படிப்புக்குப் பதிலாக நிற்கவில்லை. அதே முறையை வளைவுக்கும் கொண்டுவாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

குழு செய்ய வேண்டியவற்றில் அவசரமானது அந்த அம்மாவின் காரியம். வருகிற வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும், அதே ஒலிபெருக்கியில், தலைவரே தம் வாயால் சொல்ல வேண்டும்: வளைவு விபத்துகளுக்கு இந்த ஊரில் எவரும் காரணம் இல்லை, அப்படிப் பேசுவதைக் கோயில் ஏற்கவில்லை என்று. பொதுவாகச் சொல்லி நழுவக் கூடாது. மறுநாள் காலை குழுவினர் நாலைந்து பேராவது அவர் கடையில் உட்கார்ந்து தோசை சாப்பிட வேண்டும். ஊர் பார்க்கச் சாப்பிட வேண்டும். சாமி பார்ப்பவரிடம், ஆள் அடையாளம் தரும் வாக்கு இனி இந்த வாசலில் கூடாது என்று குழு கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அருள் வந்த நேரத்தில் அவருக்கு எதுவும் நினைவில்லை என்பீர்கள். அருள் வராத நேரத்தில் சொல்லுங்கள். நம்பர் கேட்பவர்களைக் கோயில் வளாகத்துக்குள் விடாதீர்கள். வரும்படி குறையும் என்று பொருளாளர் முகம் சுளிப்பார். கொஞ்ச நாளைக்குச் சுளிக்கட்டும்.

வசூல் பணத்தில் பூசைச் செலவு போக மிச்சம் இருக்கும் என்று அறிவிப்பிலேயே போட்டிருக்கிறீர்கள். அதில் வளைவின் இருபக்கமும் ஒளிபிரதிபலிக்கும் கம்பங்கள் வைக்கலாம். ஆனால் பொதுப்பணித் துறை அனுமதி இல்லாமல் வைத்தால் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள், ஆகவே முதலில் கடிதம். மூன்று கடிதங்களை மலாயில் தயார் செய்து வைத்திருக்கிறேன். பொதுப்பணித் துறைக்கு ஒன்று: சாலை மேற்பரப்பு. தோட்ட நிர்வாகத்துக்கு ஒன்று: மட்டை வெட்டுவது, லாரிக்கு வலை கட்டுவது, மழைக்கு முன் உதிரிப்பழம் பொறுக்கிச் சாலையைக் கழுவுவது. மாவட்ட மன்றத்துக்கு மூன்றாவது: விளக்கு. அதன் நகல் சட்டமன்ற உறுப்பினருக்கு. விபத்து நடந்த தேதிகளையும் வளைவின் படங்களையும் இணைத்திருக்கிறேன். தனி ஆளாக நான் போட்டால் கோப்பில் தூங்கும். கோயில் முத்திரையும் தலைவர், செயலாளர் கையொப்பமும் இருந்தால் பதில் எழுத வேண்டிய கட்டாயம் வரும்.

காவல் பூசை அன்று ஊரே வளைவில் கூடும். அங்கேயே ஒரு மேசை போட்டு, வருகிறவர்களிடம் அடையாள அட்டை எண்ணோடு கையொப்பம் வாங்கிவிடலாம். மேசையும் நாற்காலியும் கோயில் மண்டபத்திலிருந்து கொடுங்கள். பேனாவும் தாளும் என் பொறுப்பு. பூசை மாலை ஆறு மணிக்கு என்று போட்டிருக்கிறீர்கள். அது பழ லாரிகள் திரும்பும் நேரம். பிள்ளைகளும் வருவார்கள், காலை எட்டு மணிக்கு மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத்து டிரெசர் ஒருவர்,
கோயிலின் பழைய சந்தாதாரர்